கரும்பலகையில் எழுதுவது எப்படி: பயிற்சிப் பள்ளியில் கற்ற முறை

2021இல் தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியதிலிருந்து எங்கள் தெருவில் மாலை வகுப்பு நடக்கிறது. எடுப்பவர்கள் இளைஞர்கள். பாடத்தை நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பலகையில் எழுதுவதைத்தான் என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. இது அவர்களுக்காக எழுதியது.

நான் 1968 முதல் 1970 வரை தென் மாவட்டம் ஒன்றில், ஆண்களுக்கான சிறிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பிறகு இரண்டாண்டுப் பயிற்சி. விடுதியில் தங்கியாக வேண்டும். பெஸ்டலாஜி, ஃபுரோபெல் என்ற ஐரோப்பியக் கல்வியாளர்களின் கருத்துகள், பாடம் நடத்த ஹெர்பார்ட்டின் பெயரில் வழங்கும் ஐந்து படிகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தோம். தேர்வு முடிந்ததும் பாதி மறந்துபோயிற்று. கையோடு தங்கியது கரும்பலகை வேலை.

முதலில் பலகையைத் தயார் செய்யுங்கள். வெளுத்துப்போன பலகையில் எவ்வளவு அழகாக எழுதினாலும் வீண். கடையில் கரும்பலகைப் பெயிண்ட் கிடைக்கிறது, வாங்கலாம். நாங்கள் வாங்கியதில்லை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியின் வாசனை எங்கள் பள்ளியில் அப்போதும் போகவில்லை. வேண்டியதைக் கையால் செய்துகொள் என்பதே சட்டம். வேலியோரத்தில் படர்ந்திருக்கும் கோவைக் கொடியின் இலையைப் பறித்து வருவோம். தேங்காய்த் தொட்டிக் கரியை இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, இலையோடு சேர்த்து அம்மியில் மை போல அரைப்போம். கரி நைசாக இருக்க வேண்டும்; நறநறவென்று இருந்தால் பலகையில் கீறல் விழும். துணியில் தொட்டு மேலிருந்து கீழாக ஒருமுறை பூசி நிழலில் காயவிட்டு, காய்ந்த பிறகு குறுக்குவாட்டில் இன்னொருமுறை பூச வேண்டும். சிலர் ஊமத்தை இலையும் சேர்ப்பார்கள். அது விஷச்செடி, குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம், கோவையே போதும்.

பூசிய பலகையில் உடனே எழுதிவிடாதீர்கள். ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதலில் எழுதிய எழுத்தின் தடம் எத்தனை முறை அழித்தாலும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருக்கும்.

புதுச் சாக்பீஸ் கிறீச்சிட்டால் இரண்டாக ஒடித்துக்கொள்ளுங்கள். பேனா பிடிப்பது போலப் பிடிக்காமல், கட்டைவிரலுக்கும் அடுத்த விரல்களுக்கும் இடையில் சாய்வாக வைத்து, எழுத எழுதச் சிறிது உருட்டிக்கொண்டே வாருங்கள். அப்போதுதான் முனை ஒருபக்கமாகத் தேயாது, கோட்டின் தடிமனும் மாறாது.

வரி மேலேறுவதும் கீழே சரிவதும் கையால் வருவதல்ல, காலால் வருவது. நின்ற இடத்திலேயே நின்று கையை எட்டி எட்டி எழுதினால் வரி கோணத்தான் செய்யும். எழுதிக்கொண்டே பக்கவாட்டில் நகர வேண்டும். முதுகை முழுக்கக் காட்டாமல் ஒருக்களித்து நில்லுங்கள், ஒரு கண் பிள்ளைகள் மேல் இருக்கட்டும். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். முடித்ததும் ஓரடி விலகுங்கள்.

பழகும்வரை நூல் அடித்துக்கொள்வதில் வெட்கமில்லை. நூலில் சாக்பீஸ் பொடியைத் தடவி, இருவர் இரு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் மெல்லிய கோடு விழும். தச்சர்கள் செய்வதுதான். எங்களுக்கு நூலுக்குப் பஞ்சமே இல்லை. தினமும் தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் சிறு கதிரில், நூற்றாக வேண்டும், நான் நூற்றது ஓரிடத்தில் கயிறாகவும் ஓரிடத்தில் சிலந்தி இழையாகவும் இருக்கும். தறிக்கு ஆகாது என்று ஒதுக்கியதெல்லாம் பலகைக்கு வந்தது. வட்டம் போடவும் அதே நூல்தான்: ஒரு முனையைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்திக்கொண்டு, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றினால் போதும்.

எழுத்து இரண்டு அங்குல உயரமாவது இருக்கட்டும். பலகையின் அடிப்பகுதியில் ஒரு முழம் விட்டுவிடுங்கள். முன்னால் இருக்கும் தலைகள் அதை மறைக்கும். விமர்சனப் பாடம் என்று ஒன்று உண்டு. மாதிரிப் பள்ளி வகுப்பில் ஒருவன் பாடம் நடத்துவான். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறைகளை நோட்டில் குறிப்போம். எங்கள் ஆசிரியர் எப்போதும் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். அவருக்குத் தெரியாத எழுத்துக்கு மதிப்பெண் இல்லை. அநியாயம் என்று விடுதியில் புலம்பினோம். ஆனால் எங்கள் எழுத்து பெரிதானது அதனால்தான். நீங்களும் எழுதியதும் பின்னால் போய் ஒருமுறை பாருங்கள்.

ண, ன, ழ மூன்றையும் தனியாகப் பழகுங்கள். சுழி நெருங்கினால் தூரத்திலிருந்து ண எது, ன எது என்று தெரியாது. எங்களுக்கு லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவம். விடுதித் திண்ணையில் கரித்துண்டால் எழுதிப் பழகி, துப்புரவு மந்திரியிடம் திட்டு வாங்குவோம். (மாணவர்களே மந்திரிசபை அமைத்து விடுதியை நடத்தினோம். உணவு மந்திரி பதவிக்குத்தான் போட்டி.) 1978 எழுத்துச் சீர்திருத்தத்தோடு அந்தத் தும்பிக்கை போயிற்று, உங்களுக்கு வேலை மிச்சம்.

பலகையை மனத்தில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தலைப்பும் கரும்பலகைச் சுருக்கமும். வகுப்பு முடியும்வரை அதை அழிக்கக்கூடாது. நடுவில் படமும் கணக்கும். வலப்பக்கம் புதிய சொற்கள்.

படம் வரையத் தெரியாதவர்களுக்கு ஒரு வித்தை. பழைய காலண்டர் அட்டையில் தமிழ்நாட்டு வரைபடத்தைப் பெரிதாக வரைந்து, எல்லைக்கோடு முழுவதும் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுங்கள். அட்டையைப் பலகையில் வைத்துப் பிடித்து, பொடி நிறைந்த டஸ்டரால் தட்டினால் துளை வழியே புள்ளிகள் விழும். வகுப்பு தொடங்குமுன் இதைச் செய்துவிட வேண்டும். பக்கத்தில் நிற்கும் உங்களுக்குத் தெரியும் புள்ளி பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் பார்க்கப் பார்க்க, பழவேற்காட்டில் தொடங்கிக் கடற்கரையோடு இறங்கி, கன்னியாகுமரியில் திரும்பி மேற்கு மலையோரம் ஏறுங்கள். ஓவியர் என்றே நினைப்பார்கள். நான் ஓய்வு பெறும்வரை யாரிடமும் மறுத்ததில்லை.

அழிக்கும்போது மேலிருந்து கீழாக இழுங்கள். பக்கவாட்டில் வீசி அழித்தால் தூள் முன்வரிசைக் குழந்தைகளின் மூக்கில்தான் போகும். வாரம் ஒருமுறை ஈரத்துணி போதும்.

வண்ணச் சாக்பீஸில் மஞ்சள் ஒன்றுதான் தூரத்திற்குத் தெரியும். சிவப்பும் நீலமும் கரும்பலகையில் மூழ்கிப்போகும். கலர் பெட்டி வாங்கிவிட்டால் மஞ்சளை எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள், பாண்டி ஆடக் கட்டம் போட்டுக்கொள்வார்கள்.