அரியர் வைத்தவர்களும் அமெரிக்க ரெசிடென்சியும்: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

"ஃபார்மகாலஜியில் அரியர் வைத்தவனுக்கு அமெரிக்காவில் ரெசிடென்சி கிடைக்குமா அண்ணா?" எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் அமெரிக்க மருத்துவமனையில் ஒரு துறையில் பெறும் மேற்பயிற்சியான ரெசிடென்சி பற்றி மாதத்துக்கு ஒரு ஜூனியராவது இப்படிக் கேட்டு எழுதிவிடுகிறார். கிடைக்கும். எனக்கும் இரண்டாம் ஆண்டில் அரியர் இருந்தது. இன்டர்னல் மெடிசின் முடித்து இங்கேதான் வேலை பார்க்கிறேன். ஆனால் சில ஆண்டுகளாக ஜூனியர்களின் விண்ணப்பங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்ததில் ஒன்று புரிந்தது. கல்லூரி மதிப்பெண்ணால் வாய்ப்பை இழந்தவர்களைவிட, அதைச் சீக்கிரம் ஈடுகட்டியாக வேண்டும் என்ற பதற்றத்தில் இழந்தவர்களே அதிகம்.

முதலில், இங்கே நம் மதிப்பெண்ணை எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது எடுத்தால் பாஸ், அறுபது எடுத்தால் பரவாயில்லை என்கிற நம் கணக்கு, ரெசிடென்சிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இங்குள்ள புரோகிராம் டைரக்டருக்குத் தெரியாது. மெடிசினில் 58 எடுத்தவரையும் 66 எடுத்தவரையும் பிரித்துப் பார்க்க அவருக்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆயிரக்கணக்கில் வரும் விண்ணப்பங்களைக் கணினியில் வடிகட்டும்போது அவர் முதலில் பார்ப்பது வேறு: யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வில் (ஸ்டெப் 1, 2, 3 என்று மூன்று கட்டம்) எங்காவது தோல்வி இருக்கிறதா, இரண்டாம் கட்டமான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண் என்ன, எம்.பி.பி.எஸ். முடித்து எத்தனை வருடம் ஆகிறது. ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது; பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். ஆகவே கல்லூரியில் சறுக்கியவர் கையில் தன்னை நிரூபிக்க இருக்கும் முக்கியமான எண் ஸ்டெப் 2 சி.கே. அந்த எண்ணைத்தான் பலர் அவசரத்தில் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தம்பியைச் சொல்கிறேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பேத்தாலஜியில் ஒன்று, ஃபார்மகாலஜியில் ஒன்று என இரண்டு அரியர். "டேட் புக் பண்ணிட்டேன் அண்ணா, சென்னை ப்ரோமெட்ரிக், இன்னும் பதினெட்டு நாள்" என்று தேர்வு மையத்தைச் சொல்லிவிட்டு, இந்தத் தேர்வை நடத்தும் அமைப்புகளில் ஒன்றான என்.பி.எம்.இ.யின் மாதிரித் தேர்வு முடிவுகளைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். 209, 216, 221. தள்ளிப் போடுங்கள் என்றேன். செப்டம்பரில் விண்ணப்பம் போட வேண்டும், வீட்டில் இந்த வருடமே போய்விடுவான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள் என்றார். எழுதினார். 222 வந்தது.

பாஸ்தானே என்று தோன்றும். சிக்கலே அங்குதான். பாஸ் ஆன தேர்வை, மதிப்பெண்ணைக் கூட்டுவதற்காக மறுபடி எழுத அனுமதி கிடையாது. அந்த 222 அவர் போகும் இடமெல்லாம் கூடவே வரும். ஃபெயில் ஆனாலும் வடு நிரந்தரம். ஒரு ஸ்டெப்பை அதிகபட்சம் நான்கு முறைதான் எழுதலாம், தோற்ற முறையும் விண்ணப்பத்தில் தெரியும். தேதியைத் தள்ளிப் போட்டிருந்தால் கொஞ்சம் கட்டணம், ஒரு வருடக் காத்திருப்பு, உறவினர்களின் கேள்விகள். இவ்வளவுதான் நஷ்டம். வெளிநாட்டுப் பட்டதாரி ஒருவருக்கு 240ஐத் தாண்டினால்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும் என்பது என் கணிப்பு. கல்லூரியில் அரியரும் இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே போவது நல்லது. நினைத்த மதிப்பெண் ஒரு மாதிரித் தேர்வில் வந்தால் போதாது, அடுத்தடுத்து இரண்டு மூன்றில் வர வேண்டும். அதுவரை தேர்வு அறைப் பக்கம் போகாதீர்கள்.

அந்தத் தம்பி படித்த விதத்தைப் பிறகு உட்கார்ந்து பார்த்தோம். கேள்வி வங்கியை இரண்டு முறை முடித்திருந்தார். ஆனால் ஒவ்வொரு பாடமாக, பதிலை உடனே காட்டும் முறையில், தப்பான பதில்களின் விளக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருந்தார். பேத்தாலஜியில் அரியர் வந்ததற்கும் அதுதான் காரணம்: முந்தைய வருடக் கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டு, ஏன் என்று கேட்காமல் போனது. எந்தப் பழக்கம் கல்லூரியில் சறுக்கச் செய்ததோ அதையே மூட்டை கட்டி இங்கே கொண்டுவருகிறோம். எத்தனை மணி நேரம் படிக்கிறோம் என்று எண்ணுவதற்கு முன், அன்று ஏன் தோற்றோம் என்று ஒரு தாளில் நேர்மையாக எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதற்கு ஒரு வாரம் கொடுத்தாலும் தகும்.

அடுத்தது, அரியரை மறைப்பது. மறைக்கவே முடியாது. பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் எந்த மாதம், எந்த ஆண்டு தேறினீர்கள் என்பது இருக்கிறது. விண்ணப்பத்தில் பொய் சொல்லி மாட்டினால், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் அமைப்பான ஈ.சி.எஃப்.எம்.ஜி. அதை முறைகேடு என்று உங்கள் பதிவில் குறித்துவைக்க முடியும். அதற்குப் பின் எத்தனை நல்ல மதிப்பெண் வந்தாலும் பயனில்லை. மறைப்பதற்கு நேர் எதிராக, புலம்பித் தீர்ப்பதும் தவறுதான். விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி எழுதித் தரும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டில் அந்தத் தம்பி எழுதியிருந்தது பாதிப் பக்கம் டைஃபாய்டு, ஹாஸ்டல் சாப்பாடு, கண்டிப்பான பேராசிரியர். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். படிப்பவர் மனதில் தங்குவதோ, இவர் பிறர்மேல் பழி போடுகிறவர் என்பது மட்டும்தான். அத்தனையையும் எடுத்துவிட்டு மூன்று வாக்கியம் வைத்தோம்: "இரண்டாம் ஆண்டில் இரண்டு பாடங்களில் தோற்றேன். மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அதன் பிறகு வார்டில் பார்த்த ஒவ்வொரு நோயாளியின் மருந்துச் சீட்டையும் வைத்து, இந்த மருந்து ஏன், இந்த அளவு ஏன் என்று தேடிப் படித்தேன்." இன்டர்வியூவில் கேட்டாலும் இதே மூன்று வாக்கியம்தான். சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெலிகிராமில் "ரீகால்ஸ்" என்று தேர்வுக் கேள்விகளை விற்கிறார்கள். மதிப்பெண் பயத்தில் இருப்பவரைத்தான் முதலில் தேடி வருவார்கள். 2024 ஜனவரியில் நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களை யு.எஸ்.எம்.எல்.இ. செல்லாது என்று அறிவித்தது. அவர்களில் சிலர் அதற்குள் ரெசிடென்சியில் சேர்ந்தும் இருந்தார்கள். தயவுசெய்து அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதில் ஆசையும் கணக்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். விண்ணப்பதாரர்களின் விருப்பப் பட்டியலையும் மருத்துவமனைகளின் பட்டியலையும் பொருத்தி ரெசிடென்சி இடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். 2024 மேட்ச்சில் அமெரிக்க எம்.டி. கல்லூரிகளின் (இங்கே எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். போன்ற முதல் மருத்துவப் பட்டம்) இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கு முதலாண்டு இடம் கிடைத்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் அது 58.5 சதவீதம். நல்ல மதிப்பெண்காரர்களும் சேர்ந்த கணக்கு இது. குறைந்த மதிப்பெண்ணோடு டெர்மடாலஜிக்கும் ஆர்த்தோவுக்கும் மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது. இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ், பேத்தாலஜி, சைக்கியாட்ரி என்று கதவு கொஞ்சம் திறந்திருக்கும் இடங்களைப் பாருங்கள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முந்நூறு இடங்களுக்கு அனுப்பவும் வேண்டாம். முப்பது இடங்களைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் கூடும். தோல்வி இருந்தால் பார்ப்பதில்லை, பட்டம் பெற்று ஐந்து வருடம் தாண்டினால் பார்ப்பதில்லை, விசா தருவதில்லை என்று பல இடங்கள் தங்கள் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கின்றன. ஒரு எக்செல் தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டு அனுப்பினால் பாதிப் பணம் மிச்சம்.

பரிந்துரைக் கடிதங்களில் ஏமாறுவதும் நிறைய நடக்கிறது. ஏஜென்சிக்குப் பணம் கட்டி, அமெரிக்க மருத்துவமனைகளில் ஊர் ஊராக ஒரு வாரம், பத்து நாள் என்று ஓரமாக நின்று பார்த்துவிட்டு நான்கு கடிதங்களோடு திரும்புகிறார்கள். நான்கிலும் "நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி" என்றே இருக்கும். அதைப் படிப்பவருக்கு எதுவுமே தெரியவராது. ஒரே மருத்துவரோடு இரண்டு மாதம் இருங்கள். "வாரக் கடைசியில் பார்த்த நோயாளியின் சோடியம் அளவு பற்றித் திங்கள்கிழமை காலையில் தானே வந்து கேட்டார்" என்று அவர் ஒரு வரி எழுதினால், அது பழைய மதிப்பெண் பட்டியலுக்கு நேரான பதில்.

தயாரிப்பு என்று சொல்லி மூன்று நான்கு வருடம் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையமோ, ஊரில் உள்ள தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் வேலையோ, நோயாளிகளோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது.

மேட்ச் பட்டியலில் நடக்கும் தவறு வேறு வகை. "எனக்கு இருக்கிற மதிப்பெண்ணுக்குப் பெரிய இடம் கிடைக்காது, அதை முதலில் போட்டால் மற்றதும் போய்விடும்" என்று பயந்து, பிடிக்காத இடத்தை முதலில் போடுகிறார்கள். மேட்ச்சின் கணக்கீட்டு முறை அப்படி வேலை செய்வதில்லை. விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. முதல் இடம் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்கான உங்கள் வாய்ப்பு துளியும் குறையாது. அந்த முறையைத் திருத்தியமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கு 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நம்பி, உண்மையில் விரும்பும் வரிசையிலேயே போடுங்கள். போகத் தயாராக உள்ள எந்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்கு மேட்ச் வாரத்தில் மிச்ச இடங்களுக்காக சோப் (SOAP) என்று ஒரு சுற்று உண்டு. 45 இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். அதில் மருத்துவமனைகளை நீங்களாகத் தொடர்புகொள்வது விதிமீறல்; தெரிந்தவர் மூலம் பேசச் சொல்வதும் அப்படித்தான். இந்தச் சுற்றில் ப்ரிலிமினரி சர்ஜரி இடங்கள் நிறைய வரும். அது ஒரு வருடம் மட்டும். வருடம் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் சரி, முழு ரெசிடென்சி என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது.

அந்தத் தம்பிக்கு முதல் வருடம் ஒரு இன்டர்வியூவும் வரவில்லை. அடுத்த வருடத்துக்குள் ஸ்டெப் 3 எழுதினார். ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் இருந்தால் ரெசிடென்சிக்கு முன்பே அதை எழுதலாம். எச்-1பி விசாவுக்கும் அது தேவை. இந்த முறை அவசரப்படாமல் எழுதினார், நல்ல மதிப்பெண் வந்தது. ஒரு சிறு நகரத்தில் ஃபேமிலி மெடிசின் கிடைத்தது.

ரெசிடென்சியின் இரண்டாம் ஆண்டில் மறுபடி அழைத்தார். "கார்டியாலஜி ஃபெல்லோஷிப் போடலாமா அண்ணா?" ஃபெல்லோஷிப் என்பது ரெசிடென்சிக்குப் பின் வரும் உட்பிரிவுப் பயிற்சி. ஃபேமிலி மெடிசினிலிருந்து கார்டியாலஜிக்கு வழி இல்லை, இன்டர்னல் மெடிசின் முடித்திருக்க வேண்டும். ஃபெல்லோஷிப் கனவு இருக்கிறவர்கள் ரெசிடென்சி பட்டியல் போடும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். இன்டர்னல் மெடிசினிலும்கூட கார்டியாலஜி, கேஸ்ட்ரோ, ஆங்காலஜி மூன்றுக்கும் போட்டி கடுமை. நெஃப்ராலஜி (சிறுநீரகம்), ஜீரியாட்ரிக்ஸ் (முதியோர் மருத்துவம்), தொற்றுநோய்த் துறைகளில் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகவே நின்றுவிடுகின்றன. காலியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நெஃப்ராலஜிக்குப் போய் இரண்டு வருடம் டயாலிசிஸ் அறையில் வெறுப்போடு நிற்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அதுவும் வேண்டாம். ஃபெல்லோஷிப் தேர்வில் எம்.பி.பி.எஸ். அரியரைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. ரெசிடென்சியில் எப்படி வேலை பார்த்தார், அவருடைய புரோகிராம் டைரக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்பதுதான் கேள்வி.

ஃபேமிலி மெடிசினிலிருந்து ஜீரியாட்ரிக்ஸ் போகலாம், ஒரு வருடம்தான் என்று சொன்னேன். தன்னுடைய கிளினிக்குக்கு எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் அதிகம் வருகிறார்கள் என்றார். ஒருவர் சாப்பிட்டு வந்த பதினான்கு மருந்துகளில் ஐந்தைப் போன வாரம் ஒவ்வொன்றாகக் காரணம் பார்த்து நிறுத்தியதை, நான் கேட்காமலே, மருந்து மருந்தாக, அளவோடு சொல்லிக்கொண்டே போனார்.