பூஸ்ட் கன்வர்ட்டர் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு எம்.ஈ. மாணவரின் பூஸ்ட் கன்வர்ட்டர் (இண்டக்டர் என்னும் கம்பிச்சுருளையும் ஒரு சுவிட்சையும் வைத்து டி.சி. வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட்), ரிவ்யூவுக்கு முந்தின நாள் வெடித்தது. "வெடிக்கிறதுக்கு முன்னாடி இண்டக்டர் கீச்சுன்னு கத்துச்சா?" என்று கேட்டேன். "ஆமா சார், லோடு ஏத்தினதும் கத்துச்சு" என்றார். நான் படித்த காலத்தில் என் மேசையிலும் இதே சத்தம்தான் கேட்டது. அன்றைக்கு சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டும் அதை இயக்கும் டிரைவர் ஐ.சி.யும் சேர்ந்தே போயின.

போலாரிட்டி மாற்றிக் கொடுப்பது, ஹீட் சிங்க் மாட்ட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் யாரும் மறக்க மாட்டார்கள். பட்ட பிறகும் ஏன் பட்டோம் என்று புரியாமல் போகிற தவறுகள்தான் என்னை உறுத்துகின்றன.

லேசான லோடில் டியூன் செய்துவிட்டு முடிந்தது என்று நினைப்பது

பூஸ்ட் கன்வர்ட்டரில் வெளியீட்டு வோல்டேஜ் குறைந்தால் கண்ட்ரோலர் டியூட்டி சைக்கிளை, அதாவது ஒரு சுற்றில் சுவிட்ச் ஆனில் இருக்கும் பங்கை, ஏற்றும். ஏற்றினால் சுவிட்ச் அதிக நேரம் ஆனில் இருக்கும், டையோடு கடத்தும் நேரம் குறையும். இண்டக்டர் கரண்ட் இன்னும் ஏறியிருக்காது. ஆக, வெளியே போகும் கரண்ட் முதலில் குறைகிறது. வோல்டேஜ் இன்னும் இறங்கிவிட்டுத்தான் ஏறும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பதறுகிற வேகமான கண்ட்ரோலர் டியூட்டியை மேலும் தள்ளும். 'ரைட் ஹாஃப் பிளேன் ஜீரோ' என்று வகுப்பில் படித்தது இதைத்தான். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள், பெஞ்சுக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த மாணவரின் டிசைனையே எடுத்துக்கொள்வோம். 24 வோல்ட் பேட்டரி, 48 வோல்ட் வெளியீடு, 200 வாட், 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், 100 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங். லோடு ரெசிஸ்டன்ஸை, ஒன்றிலிருந்து டியூட்டியைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டு பை எல்லால் (எல் என்பது இண்டக்டன்ஸ்) வகுத்தால் ஜீரோ இருக்கும் ஃப்ரீக்வென்சி கிடைக்கும். அவர் டியூன் செய்தது 50 வாட்டில். அங்கே ஜீரோ 18 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. 4 கிலோஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் (கண்ட்ரோல் லூப்பின் கெயின் ஒன்றாகும் ஃப்ரீக்வென்சி), 45 டிகிரி ஃபேஸ் மார்ஜின் (லூப் ஊசலாடத் தொடங்கும் முன் கையில் மிச்சமிருக்கும் ஃபேஸ்). சிமுலேஷனில் ஸ்டெப் ரெஸ்பான்ஸ் அழகாக வந்தது.

அப்புறம் முழு லோடு போட்டார். பேட்டரியும் 20 வோல்ட்டுக்கு இறங்கியது. இப்போது ஜீரோ 3.2 கிலோஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டது, அதாவது கிராஸ்ஓவருக்கும் கீழே. முன்பு 12 டிகிரி ஃபேஸைத் தின்ற ஜீரோ இப்போது 51 டிகிரியைத் தின்கிறது. கையில் மிஞ்சுவது 6 டிகிரி. கண்ட்ரோலராக இருக்கும் டி.எஸ்.பி. சிப் கணக்குப் போட்டு அடுத்த பல்ஸில் கொண்டுவர ஒன்றரை சைக்கிள், 15 மைக்ரோசெகண்ட் ஆகும். அந்தத் தாமதத்துக்கே 4 கிலோஹெர்ட்ஸில் 22 டிகிரி போய்விடும். அதை அவர் மாடலில் சேர்க்கவில்லை. லூப் ஊசலாடியது, கரண்ட் உச்சம் ஏறி இண்டக்டர் சாச்சுரேட் ஆனது (கரண்ட் ஏறுவதைத் தடுக்கும் திறனை இழந்தது), மாஸ்ஃபெட் போனது. காதுக்குக் கேட்ட கீச்சு அந்தச் சில கிலோஹெர்ட்ஸ் ஊசல்தான்.

எனக்குக் கோபம் வருவது வெடித்ததற்காக இல்லை. ஆய்வாளர்கள் மிடில்புரூக்கும் சூக்கும், இப்படிப்பட்ட கன்வர்ட்டர்களைக் கணக்குப் போட்டு அலச உதவும் ஸ்டேட் ஸ்பேஸ் ஆவரேஜிங் முறையை வெளியிட்டது 1976இல். எங்கே ஊசலாடும் என்பதைப் பேனாவும் பேப்பரும் வைத்தே சொல்லிவிடலாம். அதைச் செய்யாமல், வெடித்த பிறகு புது மாஸ்ஃபெட் மாட்டி, கெயினைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஆன் செய்கிறார்கள். மறுபடி வெடிக்கிறது. அடுத்தது 'மாஸ்ஃபெட் டூப்ளிகேட்' என்ற முடிவு. நானும் இரண்டு வாரம் அப்படித்தான் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

குறைந்தபட்ச இன்புட், அதிகபட்ச லோடு. இந்த ஒரு புள்ளியில் ஜீரோவைக் கணக்கிட்டு, அதில் நான்கில் ஒரு பங்குக்குள் கிராஸ்ஓவரை வையுங்கள். இங்கே அது 800 ஹெர்ட்ஸ். மெதுவான லூப்தான். வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்தால், 50 வாட்டிலிருந்து 200 வாட்டுக்குத் தாவும்போது சுமார் 1.3 வோல்ட் இறங்கும். அது அதிகம் என்றால் கப்பாசிட்டரைக் கூட்டுங்கள், கெயினைத் தொடாதீர்கள்.

உள்ளே இண்டக்டர் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஒரு கரண்ட் லூப் போட்டால் ஜீரோ போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது. கரண்ட் லூப், இண்டக்டரும் கப்பாசிட்டரும் சேர்ந்து உண்டாக்கும் இரட்டை போலைச் சமாளிக்கும், ஜீரோ இருந்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்த வேண்டுமானால் இண்டக்டரைச் சிறிதாக்க வேண்டும். 50 மைக்ரோஹென்றி போட்டால் ஜீரோ 6.4 கிலோஹெர்ட்ஸுக்குப் போகும், ரிப்பிள் (இண்டக்டர் கரண்டின் ஏற்ற இறக்கம்) 2.3 ஆம்பியர் வரும். சராசரி 10 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் அது தாங்கக்கூடியதே. ரிப்பிள் குறையட்டும் என்று இண்டக்டரைப் பெரிதாகச் சுற்றுகிறவர்கள் கண்ட்ரோலுக்குத் தாங்களே குழி வெட்டுகிறார்கள்.

இன்புட் பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது

வெளியீட்டை நிலையாகப் பிடிக்கும் கன்வர்ட்டர், இன்புட் வோல்டேஜ் குறைந்தால் அதிகக் கரண்ட் இழுக்கும். 200 வாட், 20 வோல்ட் என்றால் சப்ளை பக்கத்திலிருந்து பார்க்க அது மைனஸ் 2 ஓம். நீளமான வயரோ எல்.சி. ஃபில்ட்டரோ முன்னால் இருந்தால், அதன் இம்பீடன்ஸ் எந்த ஃப்ரீக்வென்சியிலும் இந்த 2 ஓமை நெருங்கக் கூடாது, நெருங்கினால் ஊசலாடும். கொஞ்சம் உள் ரெசிஸ்டன்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரை இன்புட்டில் போட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தோடு நிறுத்துவது

முதல் பக்கத்து ஆன் ரெசிஸ்டன்ஸ் 25 டிகிரியில் அளந்தது. சிலிக்கான் மாஸ்ஃபெட் 125 டிகிரிக்குப் போனால் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம். செராமிக் கப்பாசிட்டரும் அப்படித்தான்: 50 வோல்ட் ரேட்டிங் உள்ளதை 48 வோல்ட்டில் வைத்தால் மதிப்பில் பாதிக்கு மேல் காணாமல் போகலாம். உள்ளே இருக்கும் வளைகோடுகளைப் பாருங்கள்.

கேட் வயரை நீட்டுவது

கேட் என்பது மாஸ்ஃபெட்டை ஆன், ஆஃப் செய்யும் கால். டிரைவர் மாஸ்ஃபெட்டை ஒட்டியே இருக்கட்டும்.

சுவிட்ச் நோடில் ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டுவது

அந்தக் கிளிப் எர்த்தோடு இணைந்திருக்கிறது; இண்டக்டரும் மாஸ்ஃபெட்டும் சேரும் அந்தப் புள்ளியை அது எர்த்தோடு இணைத்துவிடும். டிஃபரன்ஷியல் புரோப் கேட்டு வாங்குங்கள்.

ஆஃப் செய்ததும் பஸ்ஸைத் தொடுவது

வெளியீட்டுக் கப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கலாம். முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.