மாற்குவைப் படிக்க ஒரு வழி

மாற்கு சுவிசேஷத்தைத் திறப்பதற்கு முன், மாற்கு என்ற மனிதரை அறிந்துகொள்ளுங்கள். பவுல், பர்னபா ஆகியோரின் ஊழியப் பயணத்தில் பாதியில் திரும்பிப் போய், பிறகு மறுபடி சேர்த்துக்கொள்ளப்பட்டவர் அவர்.

இந்த வசனங்களை இதே வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள்: அப்போஸ்தலர் 12:12, 12:25, 13:5, 13:13, 15:36-39, கொலோசெயர் 4:10, பிலேமோன் 24, 2 தீமோத்தேயு 4:11, 1 பேதுரு 5:13. எங்கே, யாரோடு இருக்கிறார் என்று எதிரே குறியுங்கள். மாற்குவுக்கு யோவான் என்றும் பெயர். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் வெறும் 'யோவான்' என்று வருவதால், இயேசுவின் சீஷரான செபெதேயுவின் மகன் என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. இரண்டு பெயரும் சேர்ந்து வரும் 12:12இல் தொடங்கினால் அந்தக் குழப்பம் வராது.

பெர்கே ஊரிலிருந்து அவர் ஏன் திரும்பினார் என்று அப்போஸ்தலர் நூலை எழுதிய லூக்கா சொல்லவில்லை. பயம், வீட்டு ஏக்கம் என்று நாமாகக் காரணம் கட்டிப் பிரசங்கிக்க வேண்டாம். அடுத்த பயணத்தில் பவுல் அவரைச் சேர்க்க மறுத்தார். பர்னபா அவரைச் சீப்புருவுக்கு அழைத்துப் போனார். பின்னாளில் பவுலே அவரை ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதினார். அவ்வளவே போதும். வேதபாட வகுப்பில் இங்கே நிறுத்திக் கேளுங்கள்: பொறுப்பை விட்டுப் போன ஒருவருக்கு நம் சபையில் பரிந்து பேசுகிறவர் யார்?

இனி சுவிசேஷம். 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் சத்தமாக வாசியுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். தினம் பத்து வசனம் வாசித்தால் அதன் வேகம் தெரியாது. இரண்டாம் வாசிப்பில் சீஷர்கள் தடுமாறும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள்: 4:40, 6:52, 8:17-18, 8:32-33, 9:34, 10:35-37, 14:50, 14:66-72. மாற்கு பேதுருவிடம் கேட்டதை எழுதினார் என்பது ஆதிச்சபையின் மரபு. அதை மனதில் வைத்து, பேதுரு மறுதலித்த பகுதியை மெதுவாக வாசியுங்கள். பிறகு 16:7ஐயும் மத்தேயு 28:7ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கல்லறையில் பெண்களிடம் சொல்லப்படும் செய்தியில் பேதுருவின் பெயரைத் தனியே சொல்வது மாற்குவில் மட்டுமே வருகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். 14:51-52இல் ஓடும் வாலிபன் மாற்குதான் என்பது ஊகம். அதன்மேல் உபதேசம் கட்டாதீர்கள். 16:9-20 மிகப் பழைய இரண்டு கிரேக்கப் பிரதிகளில் இல்லை. இதை வகுப்பில் மறைக்காமல் சொல்லிவிட்டு, 16:8இல் நிறுத்தி ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.