ரோட்டர் பிளேடு பறப்புச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெலிகாப்டரைத் தூக்கும் ரோட்டர் என்ற சுழல் அமைப்பின் பிளேடுகளுக்குச் சான்றிதழ் பெறும் வழியில் மிகக் கொடிய தவறு, கணிப்பில் வராத அதிர்வு வானிலும் வராது என்று நம்புவதுதான்.

2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் பெல் 525 சோதனை ஹெலிகாப்டர் வானிலேயே சிதறியது. இரண்டு சோதனை விமானிகளும் இறந்தார்கள். ஏறத்தாழ 185 நாட் (மணிக்குச் சுமார் 343 கி.மீ.) வேகத்தில், ஓர் எஞ்சின் செயலிழந்த நிலையை உருவாக்கிப் பார்த்தார்கள். ரோட்டரின் சுழற்சி குறைந்தது. விநாடிக்கு 6 முறை என்ற, யாரும் எதிர்பார்க்காத அதிர்வு கிளம்பியது. குலுங்கிய விமானியின் கை, எல்லாப் பிளேடுகளின் சாய்வையும் ஒருசேர மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலையும் அசைத்தது. அந்த அசைவு அதிர்வுக்கே தீனி போட்டது. கடைசியில் பிளேடுகள் அளவுமீறி மேலும் கீழும் அடித்து வால் பகுதியில் மோதின.

விசாரணை சுட்டிய குறைகளில் இரண்டை எந்தச் சோதனைக் குழுவும் மறக்கக் கூடாது. சுழற்சி ஆபத்தான அளவுக்கு இறங்கினால் சோதனையைத் தானாகவே முறிக்கும் ஏற்பாடு, அந்தச் சோதனைக்காக மாற்றப்பட்ட மென்பொருளில் இல்லை. சுழற்சி குறைந்துவிட்டதை ஐயமில்லாமல் உணர்த்தும் எச்சரிக்கையும் இல்லை. எந்த அளவைத் தொட்டால் நிறுத்துவது என்பதைத் தரையிலேயே முடிவு செய்ய வேண்டும். அதைக் கவனிக்கும் பொறுப்பைக் குலுக்கலில் தவிக்கும் விமானியின் கண்களுக்கு மட்டும் விடுவது அநியாயம்.

வெப்பமான, உயரமான இடத்தில் தேறிவிட்டால் போதும் என்பது இன்னொரு தவறு. காற்றின் அடர்த்தி குறையும்போது சுழற்சியில் பறக்கும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி வரும் பிளேடு சீக்கிரமே தூக்குவிசையை இழக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடுங்குளிரில் ஒலியின் வேகமே குறைகிறது. அதனால் முன்னோக்கிச் செல்லும் பிளேடின் நுனி ஒலிவேகத்தை இன்னும் நெருங்கிவிடும். இரண்டையும் தனித்தனியே பறந்து பார்க்க வேண்டும். எடை, உயரம், சுழற்சி ஆகியவற்றையும் ஒரே தாவலில் மாற்றாமல் படிப்படியாக மாற்ற வேண்டும்.

பிளேடு எவ்வளவு வளைந்து நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களைக் கணினிக் கணிப்பு காட்டிய இடங்களில் மட்டும் ஒட்டினால், கணினி தவறவிட்ட இடம் தவறியதாகவே இருக்கும். பிளேடின் வேர்ப்பகுதியிலும், தடிமன் மாறும் இடங்களிலும் கூடுதலாகவே ஒட்டுங்கள்.

நேராகச் சீராகப் பறக்கும்போது பதிவான சுமையை மட்டும் வைத்து ஆயுளைக் கணக்கிடவும் கூடாது. கூர்மையான திருப்பம், திடீர் மேலெழும்பல், எஞ்சின் விசையில்லாமல் இறங்கும் ஆட்டோரொட்டேஷன் ஆகியவற்றில்தான் பிளேடின் ஆயுள் அதிகம் குறைகிறது. ஒவ்வொரு முறை ரோட்டர் சுழலத் தொடங்கி நிற்கும்போதும் மையவிலக்கு விசை ஏறி இறங்குவதால், அதுவும் ஒரு முழுச் சுமைச் சுற்று. நாள் முழுதும் குறுந்தூரம் பறந்து இறங்கும் ஹெலிகாப்டருக்குப் பறந்த மணிநேரம் குறைவாக இருந்தாலும் இந்தச் சுற்றுகள் ஏராளம்.