கிரீன் கார்டு மனுவில் இனிஷியல் சிக்கலைத் தீர்த்த விதம்

என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். கல்யாணம் அம்பாசமுத்திரத்தில் நடந்தது, பதிவும் அங்கேதான். கிரீன் கார்டுக்காக (அமெரிக்காவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) அவர் எனக்காகப் போடும் ஐ-130 மனுவைத் தயாரிக்கும்போது ஒன்று இடித்தது. பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, திருமணச் சான்றிதழில் வெறும் இனிஷியல். நம்மூரில் யாரும் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. வெளியே இரண்டும் வேறு வேறு ஆளாகத் தெரியலாம்.

பாளையங்கோட்டையில் ஒரு நோட்டரியிடம், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் முடித்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் சேர்த்தேன். கல்யாணப் பத்திரிகை தமிழில் இருந்ததால் முழுசாக ஆங்கிலத்தில் பெயர்த்து, 'மொழிபெயர்ப்பு சரியானது, எனக்கு இரு மொழியும் தெரியும்' என்று பெயர்த்தவர் கையெழுத்திட்ட தாளையும் வைத்தோம். அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஐ-864 (கணவர் தரும் பொருளாதார ஆதரவு உறுதிமொழி), டிஎஸ்-260 (ஆன்லைன் விசா விண்ணப்பம்), போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நடந்த விசா நேர்காணலில், எப்படிச் சந்தித்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்றுதான் அதிகம் கேட்டார்கள். மதினி, கொழுந்தனார் எல்லாரும் நிற்கும் போட்டோக்கள் கைகொடுத்தன. ஸ்டுடியோ ஜோடிப் படங்களைவிட இவையே மேல் என்பது என் எண்ணம்.

கல்யாணமாகி 2 வருஷம் ஆவதற்குள் அமெரிக்கா போனால் கிரீன் கார்டும் 2 வருஷத்துக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், அந்த 2 வருஷக் கட்டுப்பாட்டை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். அதில் சேர்ந்து வாழ்வதைக் காட்டுவதற்காக வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இருவர் பெயரிலும் வைத்து வருகிறோம்.