உப்புக் காற்றில் ஒரு கேசட்: பாடல்களைத் தொகுத்துப் பதியும் முறை

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி போன்ற கடலோர ஊர்களில் பழைய வீடுகளின் பரணைத் துழாவினால் வானொலியும் டேப் ரிக்கார்டரும் ஒன்றாக இணைந்த டூ-இன்-ஒன் இன்றும் ஒன்று அகப்படும். பெரும்பாலும் அது வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த சபுராளி (வெளிநாடு சென்று சம்பாதிப்பவர்) ஒருவர் கொண்டுவந்ததாக இருக்கும். அந்தப் பெட்டியைத் துடைத்து ஓடவைத்து, மனத்துக்குப் பிடித்த ஒருவருக்கென்று பாடல்களைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, கேசட்டில் பதிந்து கொடுக்க விரும்பும் இளையவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு நாள் கணக்கில் காத்திருந்த தலைமுறையினருக்கு இதில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். கடைக்காரர் உள்ளே என்ன செய்தார் என்ற மீதிப் பாதிக்காக அவர்களும் படிக்கலாம்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட்டின் அளவுகள் இன்றுவரை மாறவில்லை. நாடாவின் அகலம் ஏறத்தாழ 3.8 மில்லிமீட்டர், அது ஓடும் வேகம் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர். எல்லா நிறுவனங்களும் இந்த அளவுகளையே பின்பற்றியதால்தான் கீழக்கரையில் பதிந்த கேசட் துபாயில் வேறொரு பெட்டியிலும் அதே சுருதியில் பாடியது.

முதல் படி: பெட்டியைச் சீராக்குதல்

கடலுக்கு எட்டிய ஊர்களில் பத்து ஆண்டுகள் கெடாமல் இருக்கும் ஒரு டேப் ரிக்கார்டர் நம் கடற்கரையில் இரண்டு ஆண்டுகளிலேயே முரண்டு பிடிக்கும். காற்றில் கலந்து வரும் உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் திருகுகளும் ஸ்பிரிங்குகளும் துருவேறுகின்றன. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் சன்னலோரம் வைத்த பெட்டியின் மேல் விரலை ஓட்டினாலே அந்தப் பிசுபிசுப்புத் தெரியும். ஆகவே பாட்டைப் பற்றி நினைப்பதற்கு முன் துடைக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்து, பாட்டரிகளைக் கழற்றிவிட்டு, கேசட் வைக்கும் கதவைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நாடா ஓடும் வரிசையில் முதலில் இருப்பது பழைய பதிவை அழிக்கும் ஹெட். அடுத்து, நடுவில் பளபளவென்று இருப்பது பதியவும் பாடவும் உதவும் ஹெட். கடைசியில் ஊசிபோல் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய எஃகுத் தண்டும் அதனோடு ஒட்டி உருளும் கறுப்பு ரப்பர் ரோலரும் இருக்கும். நடு ஹெட்டின் முகத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு படிந்திருந்தால் அது நாடாவிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் காட்டன் பட்ஸை நனைத்து, பஞ்சில் பழுப்பு ஏறுவது நிற்கும் வரை ஹெட்டையும் எஃகுத் தண்டையும் மெதுவாகத் துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்குச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். தேங்காய் எண்ணெய், தையல் இயந்திர எண்ணெய், சென்ட் ஆகியவற்றை இந்தப் பகுதியில் கொண்டுபோகவே கூடாது. ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிமானம் போய், நாடா உள்ளே சுற்றிச் சிக்கிக்கொள்ளும்.

மோட்டார் சத்தம் கேட்டும் நாடா நகரவில்லை என்றாலோ பாட்டு இழுத்து இழுத்துப் பாடினாலோ உள்ளிருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றுவது சிறு வேலைதான். பழைய பெல்ட்டை எடுத்துக்கொண்டுபோய் அளவு பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: கேசட்டைத் தேர்தல்

சி-60, சி-90 என்ற எண்கள் இரு பக்கமும் சேர்த்து ஓடும் நிமிடங்களைக் குறிக்கின்றன. சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். நேரம் கூடக்கூட நாடாவின் தடிமன் குறையும் என்பதால், புதியவர்கள் சி-60 கேசட்டிலேயே பழக வேண்டும் என்பது என் கருத்து. சி-120 நாடா மிகவும் மெல்லியது, பழைய பெட்டிகளில் எளிதில் சிக்கும். எம்ப்டி கேசட் இன்றும் இணையத்தில் புதிதாகவே விற்கிறது. காயலான் கடையிலோ உறவினர் வீட்டிலோ கிடைக்கும் பழைய கேசட்டையும் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டைச் சோதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, கண்ணாடிச் சாளரத்தின் வழியே தெரியும் நாடாச் சுருளின் மேல் வெண்பொடி படர்ந்திருக்கிறதா என்பது. அது பூஞ்சை. அத்தகைய கேசட்டைப் பெட்டியில் போட்டால் ஹெட்டுக்கும், அதன் வழியே அடுத்த கேசட்டுக்கும் பரவிவிடும். இரண்டாவது, கீழ்வாயில் மெல்லிய செம்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் சிறு பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்பது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துபோன கேசட்டில் ஒலி ஏறியும் இறங்கியும் அலைபாயும்.

நல்ல கேசட் கிடைத்ததும் ஒரு முறை கடைசி வரை பார்வர்டு செய்து, மீண்டும் ரிவைண்ட் செய்துகொள்ளுங்கள். நீண்ட நாள் கிடந்த நாடாவில் சுற்று தளர்ந்தும் இறுகியும் இருக்கும். இவ்வாறு செய்தால் அது சமமாகும். அதற்கு முன்பாகவே நாடா வெளியே தொங்கிக்கொண்டிருந்தால், ஆறுபட்டை நடராஜ் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிக் கையால் சுற்றுவதே பாதுகாப்பானது.

மூன்றாம் படி: பட்டியலும் வரிசையும்

இந்த வேலையில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். போனில் பட்டியல் போடுபவர் ஐந்நூறு பாடல்களைச் சேர்த்துவிட்டுப் போகலாம். சி-60 கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு பாடல்கள்தான் என்பதால், எதை விடுவது என்பதில்தான் கொடுப்பவரின் மனம் தெரியும். பாட்டு நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு பாடல்களுக்கு 27 நிமிடம் ஆகும். இடைவெளிகளையும் சேர்த்தால் 30 நிமிடத்துக்குள் அடங்கும். அதே கணக்கில் சி-90 கேசட்டின் ஒரு பக்கத்தில் பத்துப் பாடல்கள் சரியாக 45 நிமிடம் வருவதுபோல் தோன்றும். ஆனால் இடைவெளிகள் இருப்பதால் பத்தாவது பாடலின் கடைசிச் சரணம் அறுந்துபோகும். ஒன்பதோடு நிறுத்துவதே சரி. ஒவ்வொரு பாடலின் நேரத்தையும் வினாடி வரை தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகே பதியத் தொடங்க வேண்டும். முந்தைய காலத்தில் கடைகளில் பட்டியல் கொடுத்தவர்கள் அடியில் இரண்டு மூன்று பாடல்களை உபரியாக எழுதிக் கொடுத்ததற்குக் காரணம், மிஞ்சும் இடத்தில் கடைக்காரர் தமக்குப் பிடித்த ஏதோ ஒரு பாட்டின் பாதியைப் போட்டு நிரப்பிவிடுவார் என்ற அச்சம்தான்.

வரிசைக்கு விதி என்று எதுவும் இல்லை. எனினும் சில பழக்கங்கள் பயன் தருகின்றன. மிகச் சிறந்த பாட்டை முதலிலேயே வைத்துவிட்டால் அடுத்தவை எல்லாம் இறங்குமுகமாகத் தோன்றும் என்பதால், அதை ஏ சைடில் மூன்றாவதாக வையுங்கள். பி சைடின் முதல் பாட்டு முக்கியமானது. கேட்பவர் எழுந்து வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார், அந்தச் சிரமத்துக்கு ஈடாக ஒன்று வேண்டும். ஒரே குரலை அடுத்தடுத்து வைக்காமல், டி.எம்.எஸ். பாட்டுக்குப் பின் சுசீலா, அதன்பின் எஸ்.பி.பி. என்று மாற்றி வைத்தால் காது சலிக்காது. ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனீபாவின் கணீரென்ற குரலை நடுவில் செருகினால் அதற்கு அடுத்து வரும் மென்மையான பாட்டு எடுபடாது. ஆகவே அவரைப் பக்கத்தின் முடிவில் வைப்பதே மரியாதை. மீன்பிடிக்கப் போகும் ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், இயந்திர இரைச்சலை மீறிக் கேட்கும் தாளப் பாட்டுகளாகத் தேர்வதும் வேண்டும்; மெல்லிய வீணை இசை விசைப்படகில் காதுக்கு எட்டாது.

நான்காம் படி: இணைப்பும் ஒலி அளவும்

போனின் ஹெட்போன் துளையிலிருந்து டேப் ரிக்கார்டரின் லைன்-இன் துளைக்கு ஒரு கேபிள் போதும். போனில் துளை இல்லையென்றால் அதற்கான சிறு அடாப்டர் வாங்க வேண்டும். மைக் என்று எழுதிய துளையில் செருகாதீர்கள். அது மிக மெல்லிய ஒலிக்காக அமைந்தது, அதில் பாட்டைக் கொடுத்தால் கரகரத்துவிடும். லைன்-இன் இல்லாத சில பழைய பெட்டிகளில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான டின் (DIN) சாக்கெட் இருக்கும். அதற்கேற்ற கேபிளும் கிடைக்கும்.

போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்தின் நடுவே வாட்ஸ்அப் செய்தியின் ஒலியும் சேர்ந்து பதிவாகும். ஈக்குவலைசரை அணைத்து, ஒலியை முக்கால் அளவில் நிறுத்தி, பாட்டின் மிக உரத்த பகுதியை ஓடவிட்டுப் பாருங்கள். பெட்டியில் மீட்டர் இருந்தால் முள் பூஜ்யத்தை அவ்வப்போது மட்டும் தொட வேண்டும். தொடர்ந்து சிவப்பில் நின்றால் ஒலி சிதையும், அடியிலேயே கிடந்தால் நாடாவின் இரைச்சல் மேலெழும். 1960களின் பாடல்கள் மெல்லிய ஒலியிலும் அண்மைக்காலப் பாடல்கள் உரத்த ஒலியிலும் கிடைப்பதால், ஒவ்வொரு பாடலுக்கும் இந்த அளவைத் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். தானே அளவை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை.

ஐந்தாம் படி: பதிதல்

கேசட்டின் தொடக்கத்தில் சில வினாடிகளுக்குக் காந்தப்பூச்சு இல்லாத ஒளிபுகும் நாடா இருக்கும். அதில் எதுவும் பதியாது. பென்சிலால் சுற்றிப் பழுப்பு நாடா வெளியே தெரியும் வரை நகர்த்திவிட்டு உள்ளே வையுங்கள். முதலில் பாஸ் பட்டனை அழுத்தி, பிறகு ரெக்கார்டையும் ப்ளேயையும் ஒருசேர அழுத்துங்கள். போனில் பாட்டைத் தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பாகப் பாஸை விடுவியுங்கள். பாட்டு முடிந்ததும் மூன்று நான்கு வினாடிகள் வெறுமையாக ஓடவிட்டு மீண்டும் பாஸை அழுத்துங்கள். இடையில் ஸ்டாப் பட்டனைத் தொட்டால் ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே ‘டப்’பென்று ஓர் ஓசை விழும். முழுப் பக்கமும் பதிந்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை, பாட்டு பாடி முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்து கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வானொலியிலிருந்து பதிவது தனிக் கலை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை நம் கரையில் உள்ளூர் நிலையம்போல் துல்லியமாகக் கேட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் மத்திய அலை (மீடியம் வேவ்) நிலத்தைவிடக் கடல்மேல் வலுக்குறையாமல் நெடுந்தூரம் செல்லும். கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் அறிவிப்பு முடியும் இடத்தைக் கணித்துப் பாஸை விடுவிப்பதில் போட்டியே நடந்தது. மத்திய அலையில் பதிய நினைப்பவர்கள் பெட்டியைக் கிடைமட்டமாகச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் ஃபெரைட் கம்பி நிலையத்தின் திசைக்குக் குறுக்காக நிற்கும்போதுதான் ஒலி வலுவாக இருக்கும். பதியும்போது மட்டும் சீழ்க்கை ஒலி கேட்டால், பெட்டியின் பின்புறத்தில் பீட் கட் என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். அறிவிப்பாளரின் குரல் சற்றே சேர்ந்துவிட்டால் அழித்துவிடாதீர்கள். பழைய கேசட்டுகளில் இன்று நாம் தேடிக் கேட்பது பல வேளைகளில் அதைத்தான்.

ஆறாம் படி: குரலைச் சேர்த்தல்

விரும்புவோருக்கு மட்டும் இந்தப் படி. வளைகுடாவில் இருந்தவருக்குக் கடிதத்துக்குப் பதிலாக வீட்டார் கேசட்டில் பேசி அனுப்பிய காலத்தில், உம்மாவின் பேச்சுக்கு நடுவே பின்கட்டில் கோழி கூவுவதும் தெருவில் மீன்காரர் குரல் கொடுப்பதும் சேர்ந்தே பதிவாயின. நீங்களும் கடைசிப் பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் பேசலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெட்டியில் உள்ள மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி அமர்ந்து, வழக்கமான குரலில் பேசினால் போதும். எழுதி வைத்துப் படிக்காதீர்கள். படிப்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏழாம் படி: பூட்டுதல், எழுதுதல், காத்தல்

கேசட்டின் முதுகில் இரு ஓரங்களிலும் சிறு பிளாஸ்டிக் தாழ் இருக்கும். ஏ சைடு உங்களைப் பார்த்திருக்க, நாடா தெரியும் வாய் கீழே இருக்குமாறு பிடித்தால், இடப்பக்கத் தாழ் ஏ சைடுக்கு உரியது. அதை உடைத்துவிட்டால் தவறுதலாக யாரும் மேலே பதிய முடியாது. பின்னர் மனம் மாறினால் அந்தக் குழியின் மேல் செலோடேப் ஒட்டிக்கொள்ளலாம். அட்டையில் பாட்டின் முதல் வரி, பாடியவர், இசையமைப்பாளர் ஆகியவற்றைக் கையால் எழுதுங்கள். ஈரக்காற்றில் ஜெல் பேனா மை பரவும் என்பதால் பால்பாயிண்ட் பேனாவே நல்லது. இவ்வாறு பதிந்ததைப் பணத்துக்கு விற்பது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு மாறானது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கரின் அருகிலும் கடலை நோக்கிய சுவரில் உள்ள அலமாரியிலும் கேசட்டை வைக்கக் கூடாது. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டைப் போட்டு, கேசட்டை நிமிர்த்தி வைத்து, வாடைக்காற்றுக் காலம் முடிந்ததும் ஒரு முறை முழுவதுமாக ஓடவிட்டால் பூஞ்சை அண்டாது. இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே, பெறப்போகிறவர் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் கேசட்டோடு பெட்டியையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.