ஆண்டவர் பேசுவதைக் கேட்க, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருவது எப்படி?

"தினமும் ஜெபம் பண்ணுகிறேன், ஆனால் ஆண்டவர் என்னோடு பேசுகிற மாதிரியே தெரியவில்லை." பல வருஷம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஒருநாள் யோசித்துப் பார்த்தேன், என் ஜெபத்தில் நான் வாயை மூடியிருந்த நேரம் எவ்வளவு? ஒரு நிமிடம்கூட இல்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எனக்கு வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஆமென் போட்டு எழுந்துவிடுவேன். அவர் எப்போது பேசுவார்?

வீட்டில் குழந்தைகள், ஷிப்ட் வேலை, ஓயாமல் அடிக்கிற போன் என்று இருக்கிறவர்களும் செய்யக்கூடிய முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நாற்காலி, வேதாகமம், ஒரு தாள், பேனா, ஐந்து நிமிடம் போதும்.

முதல் படி: நன்றாகத் தூங்குங்கள்

சிரிக்காதீர்கள், வேதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன். மெல்லிய சத்தத்தில் ஆண்டவர் எலியா தீர்க்கதரிசியோடு பேசியதை எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருப்போம், ஆனால் 1 இராஜாக்கள் 19-ஐ ஆரம்பத்திலிருந்து வாசித்தால், யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிவந்த எலியா ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து 'போதும், நான் சாகிறேன்' என்று கேட்கிற இடத்தில் ஆண்டவர் அவரைத் திட்டவும் இல்லை, உபதேசம் பண்ணவும் இல்லை. தூங்க விடுகிறார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அப்புறம் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் அந்த மெல்லிய சத்தம் வருகிறது. உடம்பு ஓய்ந்து போயிருக்கும்போது கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும், அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். இந்த வாரம் அரை மணி நேரம் முன்னாலேயே படுத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஓர் இடம், ஒரு நேரம்

தினமும் ஒரே இடம், ஒரே நேரம். அதிகாலைதான் என்று கட்டாயமில்லை, குழந்தை தூங்கும் மதிய நேரமாகவும் இருக்கலாம், வேலை முடிந்து வீட்டுக்குள் போகுமுன் நிறுத்திய வண்டியில் உட்காரும் நேரமாகவும் இருக்கலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். தனியாக உட்கார இடமில்லாமல், ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம், அப்போது அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமாம்.

இடையில் யாராவது கூப்பிட்டால் எரிச்சல் படாதீர்கள். மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து தனியான இடத்துக்குப் போகிறார், அங்கேயும் அவருடைய சீடன் சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். அவருக்கே அப்படியென்றால் நமக்கும் நடக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படி: போன் பக்கத்து அறையில்

சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் பாதி மனசு அதன்மேல்தான் இருக்கும். நேரம் பார்க்க ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

நான்காம் படி: உள்ளே இருக்கும் சத்தம்

நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெளியே அமைதியானதும் உள்ளே ஆரம்பிக்கும். பில் கட்டவில்லை, அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை, நாளைக்கு என்ன சமைப்பது. இதையெல்லாம் விரட்டாதீர்கள், விரட்டினால் இன்னும் பலமாக வரும். பக்கத்தில் இருக்கும் தாளில் ஒரே வார்த்தையில் எழுதிவைத்துவிட்டுத் திரும்புங்கள். திரும்பி வருவதற்கு ஒரு சின்ன ஜெபம் வேண்டும். கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் சொன்ன "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" எனக்குப் பிடித்தது. கிழக்கத்திய சபைகளின் துறவிகள் பல நூற்றாண்டுகளாக, "கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரங்கும்" என்பதை மூச்சோடு சேர்த்து மெதுவாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை மனசு ஓடினால் முப்பது தடவை திரும்பி வாருங்கள், அதுவும் ஜெபம்தான்.

இந்தச் சில்லறைக் கவலைகள் அடங்கிய பிறகு இன்னொன்று மேலே வரும். பழைய கோபமோ, அழாமல் அடக்கிவைத்த துக்கமோ, யாரிடமும் சொல்லாத பயமோ. எனக்கு முதல் மாதம் முழுக்க, பல நாளாகப் பேசாமல் இருந்த என் அண்ணனின் முகம்தான் வந்துகொண்டிருந்தது. ஜெபத்துக்கு இடைஞ்சல் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். ஆண்டவர் பேச விரும்பியதே அதைப் பற்றித்தான் என்று புரிய எனக்கு நாலு வாரம் ஆனது. அதனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தாளில் எழுதித் தள்ளிவிடாதீர்கள், அதையே அவர் முன்னால் வையுங்கள்.

ஐந்தாம் படி: கொஞ்சம் வசனம், மெதுவாக

ஐந்தாறு வசனம் போதும். வாய்விட்டு ஒரு தடவை, அப்புறம் இன்னும் மெதுவாக இன்னொரு தடவை. எந்த வார்த்தை மனசில் ஒட்டுகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிகோ என்ற துறவி இதை வாசிப்பு, தியானம், ஜெபம், அவர் சமூகத்தில் இளைப்பாறுதல் என்று நான்காக வகுத்திருக்கிறார். சங்கீதம் 46-இல் தொடங்கலாம். அமர்ந்திருங்கள் என்று தேவன் சொல்கிற அந்தச் சங்கீதத்தில் மலைகள் நடுங்குகின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, வில் ஒடிகிறது. எல்லாம் ஓயட்டும், அப்புறம் உட்காரலாம் என்று காத்திருக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆறாம் படி: இது அவர் சத்தம்தானா?

ஆலயத்திலேயே படுத்திருந்த சாமுவேலுக்கே, தன்னைக் கூப்பிடுவது யார் என்று முதலில் தெரியவில்லை. மூன்று தடவை ஆசாரியன் ஏலியிடம் ஓடினான், மூன்றாம் தடவைதான் கூப்பிடுவது கர்த்தர் என்று ஏலிக்கும் புரிந்தது. ஆகவே தனியாக முடிவு கட்டாதீர்கள். வேதத்துக்கு விரோதமாக இருந்தால் அது அவர் இல்லை. 'நீ எதற்கும் லாயக்கில்லை' என்று மொத்தமாக நசுக்குகிற குரலும் அவருடையது இல்லை; அவர் கடிந்துகொண்டாலும் இன்ன காரியம் என்று காட்டி, திரும்பி வர வழியும் காட்டுவார். வேலையை விடுவது, கல்யாணம் போன்ற பெரிய காரியமென்றால் விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரிடம் சொல்லி, சில வாரம் காத்திருங்கள்.

பல நாள் ஒன்றுமே கேட்காது. எனக்கும் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். ஆனாலும் அவரோடு உட்கார்ந்திருந்த நாளில், மத்தியானம் ஒருவர் எரிச்சலாகப் பேசும்போது நான் சட்டென்று திருப்பிப் பேசாமல் இருக்கிறேன். அதை வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கவனித்தார்கள்.

இரண்டு வாரம் ஐந்து நிமிடத்திலேயே இருங்கள், அப்புறம் பத்தாக்கலாம். ஒருநாள் தவறினால் மறுநாள் சேர்த்து ஈடுகட்ட வேண்டாம். அதே நாற்காலி, அதே ஐந்து நிமிடம்.